கூரை வெட்டிய பச்சைக் கார்

மார்ச் 19

காலையில் நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்து இரண்டு இடத்தில் சேற்றில் புதைந்தது. பனி உருகத் தொடங்கிவிட்டது. ஆறு இந்த வருஷமும் கரையேறும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, பள்ளிக்கூடம் மூடுவார்களே.

மதியம் கோர்டி போன் செய்தார். இந்தப் பக்கத்திலும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலும் அடிபட்ட கார்களில் பாதி கடைசியில் அவருடைய காயலான் முற்றத்துக்குத்தான் வந்து சேரும். அவர் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பது. இன்று தாராளமாகப் பேசினார்.

"பச்சை மஸ்டாங். மேல எல்லாம் போச்சு. கீழ ஒண்ணும் ஆகல."

"எட்டு சிலிண்டரா?"

"ம்."

போனை வைத்ததும் நேரே கொட்டகைக்குப் போனேன். நானே கட்டுவதற்காகப் போன வருஷம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய என் கார் இன்னும் கொட்டகையில் வெறும் எலும்பாக நிற்கிறது. கம்பெனிக்காரன் கொடுப்பது இரும்புக் குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடம்பும்தான். எஞ்சின், கியர் பாக்ஸ், பின்னச்சு, பிரேக், ஒயரிங் எல்லாம் அடிபட்ட ஒரு மஸ்டாங்கிலிருந்து பிடுங்கி வைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்கத் தேடினேன், ஒன்றும் அமையவில்லை. லைல் அந்தச் சட்டத்தில் தன் கோட்டை மாட்டுகிறான். ஊரிலேயே விலை உயர்ந்த கோட்டு ஸ்டாண்டு நம்ம வீட்டில்தான் இருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். என்ன புருஷனோ.

மாலையில் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவரிடமிருந்தும் போன். மே மாதக் கூட்டத்துக்குள் சொல்ல வேண்டுமாம், அடுத்த வருஷமும் படையில் இருக்கிறேனா, இல்லை விபத்துக்குக் கூப்பிடுகிற பேஜரைத் திருப்பித் தருகிறேனா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்து சாலையில் நசுங்கிய கார்களை வெட்டி ஆட்களை வெளியே எடுக்கிறேன். கடைசியாக எடுத்த மூன்று பேரும் பிழைக்கவில்லை. வழக்கமாக எங்களுக்கு முடிவு தெரியாது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தியதோடு கதை முடிந்துவிடும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டது. மூன்றாவது ஆளின் படத்தைச் செய்தித்தாளில் நானே தேடிப் போய்ப் பார்த்தேன். அதோடு எதையும் தேடுவதை விட்டேன்.

வெட்டியது போதும். ஒரு வண்டியையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 22

பார்த்தாயிற்று. எங்கே தொடங்கி எழுதுவது?

கோர்டியின் முற்றத்தில் பாதி பனி, பாதி சேறு. கடைசி வரிசையில் நின்றது. பாட்டில் பச்சை. கண்ணாடி மட்டத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை, யாரோ கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி. வெட்டிய கூரையை மடக்கிப் பின் சீட்டில் போட்டிருந்தார்கள்.

"எப்படி ஆச்சு?" என்று லைல் கேட்டான்.

"பீட்ரூட் லாரி," என்றார் கோர்டி. "நின்னுட்டு இருந்துச்சு. இது அடியில போயிருச்சு."

புரிந்துவிட்டது. அக்டோபரில் சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் ஏற்றிப் போகிற பண்ணை லாரிகள், அவை கொட்டிவிட்டுப் போகிற சேறு, பிரேக் பிடித்தும் நிற்காத கார்கள். லாரியின் உயரமான தட்டு பானெட்டைத் தொடாமல் மேலாக வந்து நேரே முன்கண்ணாடியில் புகும். எஞ்சினுக்குக் கீறல் விழாது. உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான்.

எஞ்சினைப் பார்க்க வந்தவள் நான். ஆனால் பார்த்தது வெட்டுகளைத்தான். கூரையைத் தாங்குகிற நான்கு தூணும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. அவசரத்தில் கடித்துத் துப்பிய வெட்டு இல்லை. கூர்முனை ஒன்றின் மேல் பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து உறை போட்டிருந்தார்கள், எடுக்க மறந்து அப்படியே இருந்தது. மஞ்சள் குழாயில் பாதி எழுத்து தெரிந்தது: எல்வ்டால். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். நண்பன் ஆர்லன் இருக்கிற தீயணைப்புப் படை.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினேன். 'டிக்' என்று சாத்திக்கொண்டது. கூரையே இல்லாத காருக்குக் கதவு இவ்வளவு ஒழுங்காகச் சாத்துகிறதே. லைலைக் கூப்பிட்டுத் திரும்பவும் சாத்திக் காட்டினேன்.

"என்ன, பேய் கீய் பிடிச்சிருச்சா உனக்கு?"

"கீழ இருக்கிற இரும்பு ஒரு நூல்கூட நகரலடா. அத்தனை அடியையும் மேலயே வாங்கிக்கிட்டுக் கீழ இருக்கிறதைக் காப்பாத்தியிருக்கு."

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னு சொல்லு."

கோர்டி விலையைச் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. லைல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்ச் 23

ஆறு இரண்டு அடி ஏறியிருக்கிறது. பாலத்துச் சாலையை நாளை மறுநாள் மதியத்தோடு மூடுகிறார்களாம். அதற்குள் காரைக் கொண்டுவந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மே வரை காத்திருப்பு.

மார்ச் 25

உயிரோடு வந்து சேர்ந்தோம். முட்டாள்தனம் எங்களுடையது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கோர்டியின் ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கமாகத் தூக்கி டிரெய்லரில் வைத்தது. காரின் மூக்கு பின்னால் பார்த்திருந்தது. எஞ்சின் இருக்கிற கனமான பாதி டிரெய்லரின் வாலில். அது தப்பு என்று எனக்குத் தெரியும், லைலுக்கும் தெரியும். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, பாலம் மூடப் போகிறது.

"பத்து மைல்தானே, மெதுவா போயிரலாம்," என்றான் அவன்.

"ஆமா, பத்து மைல்தானே," என்றேன் நானும்.

கிழக்குச் சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். வயல், வேலி, வாய்க்கால் எதுவும் தெரியவில்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் ரிப்பனாக ஒரு தார்ச் சாலை. அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு செத்த காரும். எத்தனையோ வெள்ளம் பார்த்தவள்தான், இப்படிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் பக்கக்காற்று ஒன்று அடித்தது. டிரெய்லர் வாலை ஆட்டியது. முதலில் லேசாக, பிறகு எங்கள் வண்டியின் பின்பக்கத்தையே இடமும் வலமுமாக இழுத்தது. லைல் பிரேக்குக்குக் காலைத் தூக்கினான்.

"மிதிக்காதே. மிதிக்காதேன்னு சொல்றேன். ஆக்ஸிலேட்டரை மட்டும் விடு."

அவன் கேட்டான். அதற்காக அவனுக்கு நூறு வருஷம் நன்றி சொல்லலாம். ஆட்டம் மெல்லக் குறைந்து, வண்டி நின்றது. ஒரு சக்கரம் தாரின் விளிம்பில். கீழே தண்ணீர் சலசலக்கிற சத்தம். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ பனிவாத்துகள் கிளம்பின. நூறா, ஆயிரமா? வயல் அப்படியே எழுந்து வானத்துக்குப் போன மாதிரி இருந்தது. அவ்வளவும் எங்கள் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின. லைல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், காற்று என்றான்.

ஊர்ந்து ஊர்ந்து பாலம் வரை போனோம். அங்கே ஆட்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரெய்லரைப் பார்த்ததும் ஒரு பெரியவர் சிரித்தார்.

"மூக்கைப் பின்னால வச்சுக்கிட்டு எங்கய்யா போறீங்க?"

"தப்பாத்தான் வச்சுட்டோம்," என்றேன்.

"தெரியுது, தெரியுது. முன்னால பாரம் போடுங்க. இந்த மூட்டையை எடுத்துக்கோங்க. ஆனா திரும்பக் கொண்டாந்து வைக்கணும். ஆறு சும்மா இருக்காது."

டிரெய்லரின் வின்ச் கம்பியைச் சுற்றிக் காரை எவ்வளவு முன்னால் இழுக்க முடியுமோ இழுத்து, டிரெய்லரின் முன்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கினோம். அத்தனை பேரும் கை கொடுத்தார்கள். அதன் பிறகு வீடு வரை வண்டி அசையவே இல்லை. கொட்டகையில் இறக்கியதும் லைல் மறக்காமல் தன் கோட்டை எடுத்துச் சட்டத்தில் மாட்டினான்.

மார்ச் 26

மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுபோய் அடுக்கினோம். அதோடு கூட அரை நாள் வேலையும் வாங்கிவிட்டார்கள். முதுகு விட்டுப்போயிற்று.

மார்ச் 29

பானெட்டைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம்.

எஞ்சின் அப்படியே இருக்கிறது. ஒரு பெல்ட் கூட அறுந்திருக்கவில்லை. ஒயரிங்கை யாரோ ஆசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டும் துணி டேப் சுற்றி, ஒவ்வொரு முனையிலும் சின்னச் சீட்டு. இப்படி ஒரு வண்டி எனக்கு அமைந்ததே என்று நம்ப முடியாமல் நின்றேன். பிறகு பேட்டரியைப் பார்த்தேன்.

கறுப்பு வயர் வெட்டப்படவில்லை.

இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே புத்தி சொல்ல வேண்டியிருந்தால். விபத்தில் காரின் உள்ளே ஆள் உயிரோடு மாட்டியிருந்தால் நாங்கள் பேட்டரி வயரை வெட்டுவோம். இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டைத் தூக்கி எறிவோம், திரும்பத் தொட்டுத் தீப்பொறி வராமல் இருக்க. ஸ்பேனர் தேட யாருக்கு நேரம்? இங்கே நட்டைக் கழற்றி, வயரை ஓரமாக மடக்கி, முனையில் டேப் ஒட்டி, நட்டைத் திரும்பப் போட்டும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பொறுமை எப்போது வரும்? அவசரம் தீர்ந்த பிறகு வரும். உள்ளே இருந்தவருக்கு இனி நேரம் தேவையில்லை என்று தெரிந்த பிறகு. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். போன நவம்பரில், அந்த மூன்றாவது ஆளுக்கு.

அந்த நேரான வெட்டுகளும் அதனால்தான். நான் என்னவோ அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். நிதானமா வெட்டினா நேராத்தானே வரும். இதுகூடத் தெரியாதா எனக்கு?

நாலாவது ஆளையும் வீட்டுக்கே கொண்டாந்து வச்சிருக்கேன். காசு குடுத்து வாங்கி, மணல் மூட்டை வச்சுக் கொண்டாந்திருக்கேன்.

மார்ச் 30

லைலிடம் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை.

"ஒரு நட்டைக் கழட்டினதுக்கா இவ்வளவும்? செத்ததா யாராவது சொன்னாங்களா உனக்கு?"

"சொல்லணுமா? இதே வேலைதானே நான் பண்றேன்."

"அப்ப அந்தக் குழாய் உறை எதுக்கு? செத்தவங்களுக்கு முனை குத்தினா என்ன, குத்தாட்டி என்ன?"

"குனிஞ்சு எடுக்கிறவன் கை கிழிய வேண்டாமா?"

எல்வ்டால்காரர்களைக் கேட்கலாம், போனில் பார்த்தால் செய்தி கிடைக்கும் என்றான். பார்க்கக் கூடாது என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

முடிவு செய்தாயிற்று. இந்தக் காரில் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டேன். தண்ணீர் வடிந்ததும் கோர்டியிடமே திருப்பி விற்றுவிடுகிறேன். சட்டத்தையும் விற்றுவிடலாம். பேஜரைக் கூட்டத்தில் மேசை மேல் வைத்துவிட்டு வருகிறேன். ஒரே மாதத்தில் எல்லாம் காலி.

ஏப்ரல் 3

பள்ளி மூடியிருக்கிறது. நாள் முழுக்க மணல் மூட்டை. பேஜரை அணைத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. நனைய வேண்டாமே என்று காருக்குத் தார்ப்பாய் போடப் போனேன். விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு இந்தக் கரிசனம் என்று கேட்டுக்கொண்டேதான் போட்டேன். முன்சக்கரத்துக்கு மேலே பாயை இழுத்துச் செருகியபோது பேட்டரித் தட்டுக்கு அடியிலிருந்து என்னவோ நழுவி, கணீரென்று தரையில் விழுந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

உலகத்தில் எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது அதுதான். லைல் வருஷத்துக்கு நான்கு வாங்குகிறான். கையில் எடுத்துப் பார்த்தேன். எல்வ்டால் படையின் கருவி என்றால் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். எல்லாப் படையும் தன் நிறத்தைச் சுற்றி வைக்கும். இதில் டேப் இல்லை. உரிந்து போயிருக்கலாம். அவர்கள் அந்த நட்டைக் கழற்றியது இதால்தான்.

இன்னொரு படையின் கருவி கையில் கிடைத்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். தபாலில் அனுப்புவதில்லை. இந்த நேரத்திலா இது கிடைக்க வேண்டும்.

ஏப்ரல் 8

ஸ்பேனர் ஜன்னலோரம் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. லைல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை அவ்வளவு சத்தமாகச் செய்ய அவனால்தான் முடியும்.

ஏப்ரல் 10

"ஞாயித்துக்கிழமை எல்வ்டால் படையில பான்கேக் போடறாங்க," என்றான் லைல். "பாலம் திறந்துட்டாங்க. நான் சாப்பிடப் போறேன். நீ வர்றதா இருந்தா வா, வராட்டி நான் மட்டும் உனக்கும் சேத்துச் சாப்பிட்டுட்டு வர்றேன்."

படைக்கு நிதி திரட்ட வருஷா வருஷம் போடுவார்கள். வருஷா வருஷம் போவோம்தான். ஸ்பேனரைக் கோட்டுப் பையில் போட்டேன். ஆர்லனிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிடுவேன்.

ஏப்ரல் 13

நிதானமாக எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். ஆர்லன் மாவு தீற்றிய ஏப்ரனோடு கல்லருகில் நின்றான். ஆறடி நான்கு அங்குலம், கையில் சின்னத் தோசைத்திருப்பி. நானும் அவனும் ஒரே பயிற்சி வகுப்பில் பழைய கார்களை வெட்டிப் பழகியவர்கள்.

"ரோண்டா, எத்தனை வேணும்?"

"ரெண்டு. அப்புறம் இது உங்களோடது," என்று ஸ்பேனரை நீட்டினேன். "ஒரு பச்சை மஸ்டாங் வாங்கினேன், என் காரைக் கட்டறதுக்கு. அதுல இருந்துச்சு."

அவன் வாங்கவில்லை. ஸ்பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று. நான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"இது எங்களோடது இல்லை," என்றான்.

"அந்த நட்டைக் கழட்டினது நீதானே?"

"நான்தான். ஆனா இது எங்களோடது இல்லை." குரலைத் தாழ்த்தினான். "நாங்க வெளிய எடுத்தவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உனக்கே தெரியும்."

"தெரியும். நான் கேக்கவும் இல்லை."

"நல்லது." தோசைத்திருப்பியை வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டான். ஸ்பேனரை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே நடந்து போனான். மூலையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது இருக்கும். வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். பக்கத்தில் ஊன்றி நடக்கிற நடைவண்டி. பான்கேக் மேல் மும்முரமாகப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆர்லன் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனரை வைத்தான்.

"மார்லிஸ், இது உங்களோடதா பாருங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"எங்கடா இருந்துச்சு இது? வீடு பூரா தேடிட்டு இருக்கேன். ஒரு ஸ்பேனரைக் குடுத்தா ஒழுங்கா திருப்பிக் குடுக்கத் தெரியாது உனக்கு."

நான் எப்போது நடந்தேன், எப்போது அவள் முன்னால் போய் நின்றேன் என்று தெரியவில்லை. என் வாயில் வந்ததை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"உங்களுக்கு உயிர் இருக்கு," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது. இல்லாட்டி இந்தப் பான்கேக்கை யார் சாப்பிடறது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு பொண்ணே. விழுந்துடப் போறே."

அவள் ஐம்பது வருஷம் அந்த ஊரில் நாவிதக் கடை வைத்திருந்தவளாம். ஆர்லனுக்கு முதல் முடி வெட்டியதே அவள்தான். அன்றைக்கு லாரி நிற்பதைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்துக்கொண்டே பக்கத்துச் சீட்டில் சாய்ந்து படுத்துவிட்டாள். கூரை அவளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. கால் இரண்டும் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தாள், முழு நினைவோடு.

"நினைவோட மட்டுமா?" என்றான் ஆர்லன். இப்போது அவனுக்குப் பேசத் தடை இல்லை போலும், அவளே ஆரம்பித்துவிட்டாளே. "எங்களை ஒரு நிமிஷம் வேலை செய்ய விடல. நான் வயரை வெட்டறதுக்குக் கத்தரியை எடுக்கிறேன், அடியில இருந்து சத்தம் வருது."

"பின்ன? அந்த ஒயரிங்கை ரெண்டு குளிர்காலம் உக்காந்து நானே போட்டேன். கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம். இவன் வந்து கறக் கறக்னு வெட்டிட்டுப் போயிருவானா? டேய் ஆர்லன், ஒரு வயரை வெட்டினே, வெளிய வந்ததும் உன் காதை வெட்டுவேன், சின்னப் புள்ளையில தப்பிச்சுட்டே, இப்ப விட மாட்டேன்னு சொன்னேன். டேஷ்போர்டு பெட்டியில பத்தாம் நம்பர் இருக்கு, எடுத்துக் கழட்டுன்னேன்."

"கழட்டினேன்," என்றான் ஆர்லன். "டேப் ஒட்டுன்னாங்க, ஒட்டினேன். நட்டைத் தொலைச்சுடாதேன்னாங்க, திரும்பப் போட்டேன். அங்க அத்தனை பேர் நிக்கிறாங்க, லாரிக்காரன் அழுதுட்டு இருக்கான், நான் நட்டு முடுக்கிட்டு இருக்கேன். கூரையையும் நேரா வெட்டுன்னாங்க."

"கோணலா வெட்டறது எனக்குப் பிடிக்காது," என்றாள் மார்லிஸ். "தொழில் பழக்கம்."

லைல் இரண்டு தட்டோடு வந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். நல்லவேளை, 'தீர விசாரிப்பதே மெய்' என்று தொடங்கவில்லை. என் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என் தோளில் கையை வைத்தான்.

நான் அந்த அம்மாளின் கால்களைப் பார்த்தேன். கம்பளிக் காலுறை, பெரிய செருப்பு. இடது காலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள், தன்னை அறியாமலே. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனை கால்களை டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து விடுவித்திருப்பேன். அவை இப்படி எங்கேயோ ஒரு மேசைக்கு அடியில் தாளம் தட்டும் என்று நான் நினைத்ததே இல்லையே. ஏன் நினைக்கவில்லை?

"காரை என்ன பண்ணப் போறே?" என்று மார்லிஸ் கேட்டாள்.

சொன்னேன். பிரித்து, உள்ளுறுப்பை எடுத்து, வேறு உடம்பில் வைக்கப் போகிறேன் என்று.

"என் ஒயரிங்கோடவா?"

"உங்க ஒயரிங்கோடதான்."

கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தாள். "பிரிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை ஓட விடு. நான் வர்றேன்," என்றாள். நான் செய்ய நினைத்ததும் அதுதான். ஓட்டிப் பார்க்காமல் பிரித்தால் பிறகு எது பழைய கோளாறு, எது நாம் செய்த கோளாறு என்று தெரியாது.

திரும்பும் வழியில் லைலை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் இறங்கி அழுதேன். காற்று என்றேன்.

ஏப்ரல் 14

பேஜரை ஆன் செய்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது.

ஏப்ரல் 27

புதுப் பேட்டரி, புதுப் பெட்ரோல், புது எண்ணெய். மார்லிஸை ஆர்லன் கூட்டிவந்தான். நடைவண்டியைக் கொட்டகை வாசலில் விட்டுவிட்டு, காரைப் பிடித்துப் பிடித்து ஒரு சுற்று வந்தாள். வெட்டிய தூண்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"நேராத்தான் வெட்டியிருக்கே," என்றாள் ஆர்லனிடம். அவன் முதல் பரிசு வாங்கிய பையனைப் போல நின்றான்.

கறுப்பு வயரை நான் மாட்ட வேண்டும் என்றாள். ஸ்பேனரை அவளே கொடுத்தாள். அந்த நட்டை முடுக்கும்போது எனக்கு விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. எத்தனையோ வண்டியில் இந்த வயரை வெட்டியிருக்கிறேன். திரும்ப மாட்டுவது இதுதான் முதல் தடவை.

மார்லிஸ் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள், கூரையில்லாத காரில், இன்னும் சூடு ஏறாத ஏப்ரல் குளிரில், கம்பளிக் கோட்டோடு. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது. சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை. லைல் பானெட்டுக்குள் தலையை விட்டு எதையெதையோ தட்டினான். குளிர்காலம் முழுக்கப் பனியில் கிடந்த வண்டி, ஆசைப்பட்டது அதிகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"டிக்கியில ஒரு பொத்தான் இருக்கே, அமுக்கினியா?" என்றாள் மார்லிஸ்.

"எந்தப் பொத்தான்?"

"நல்லாக் கட்டினே கார். இடது பக்கம், கம்பளத்துக்குப் பின்னால. வண்டி மோதினா அது தானா எகிறிப் பெட்ரோலை நிறுத்திரும், தீப்பிடிக்காம. திரும்ப நாமதான் அமுக்கி விடணும். அதுக்குத் தானா தெரியாது, ஆபத்து முடிஞ்சுபோச்சுன்னு."

கம்பளத்தை விலக்கினேன். சின்னச் சிவப்புப் பொத்தான், அரை விரல் உயரம் எகிறி நின்றது. அக்டோபரிலிருந்து அப்படியே நின்றிருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினேன். 'டிக்'.

"இப்பப் போடுங்க," என்றேன்.

பிடித்துக்கொண்டது. கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. சட்டத்தில் தொங்கிய லைலின் கோட்டு கீழே விழுந்தது. எட்டு சிலிண்டரும் ஒரே குரலில், ஒரு இருமல் இல்லாமல். ஆர்லன் தொப்பியைக் கழற்றிவிட்டான், சர்ச்சில் நிற்பது மாதிரி. நான் டிக்கியின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதிர்வு கை வழியாக நெஞ்சு வரை வந்தது. இவ்வளவு நசுங்கியும் உள்ளே ஒன்று இத்தனை நாள் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறதே. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் காதிலும் விழவில்லை, எஞ்சின் சத்தத்தில்.

மார்லிஸ் அணைக்கவே விடவில்லை. கால் டம்ளர் பெட்ரோல்கூட மிச்சம் இருக்காது. கடைசியில் அவளே சாவியைத் திருப்பினாள்.

"சரி," என்றாள். "இப்ப வெட்டிக்கோ."

கிளம்பும்போது ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"உன்கிட்டயே இருக்கட்டும். வெட்டறதுக்கு முன்னால உள்ள இருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேளு."

ஏப்ரல் 30

ஒயரிங்கைக் கழற்றத் தொடங்கியிருக்கிறேன். அவள் எழுதிய சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஹெட்லைட் என்று எழுதிய சீட்டில் 'கவனம், முட்டாள்' என்று கூட எழுதியிருக்கிறாள், தனக்குத்தானே.

மே 6

கூட்டம். தலைவர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நான் கோட்டுப் பையிலிருந்து பேஜரை எடுத்தேன். கூடவே பத்தாம் நம்பர் ஸ்பேனரும் வந்து மேசையில் விழுந்தது. அதை எடுத்து முதலில் பையில் போட்டுக்கொண்டேன்.

தலைவர் முகம் வாடிப்போய்க் கையை நீட்டினார்.

"இது சார்ஜ் நிக்க மாட்டேங்குது," என்றேன். "வேற ஒண்ணு குடுங்க."